இசைத் தொழில்நுட்பம் படிக்க வெளிநாடு போகலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. ஊர் தஞ்சாவூர். இ.சி.இ. முடித்து இரண்டு வருடமாகச் சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். பதினொரு வருடம் மிருதங்கம் கற்றிருக்கிறேன். வெளிநாட்டில் இசைத் தொழில்நுட்பம் எம்.எஸ். படிக்க ஆசை. 40 லட்சம் ஆகும் என்கிறார் கன்சல்டன்சிக்காரர். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்க அப்பா சம்மதித்துவிட்டார். ஆனால் “படிச்சு முடிச்சு என்ன வேலை பார்ப்ப?” என்று அவர் கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. டி.எஸ்.பி. (டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்) பாடத்தில் அரியர் வைத்துத்தான் பாஸ் செய்தேன். எந்தக் கல்லூரி நல்லது? நான் போகலாமா?

பதில்:

தம்பி,

உங்கள் கடிதத்தில் கடன் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, அரியர் இருக்கிறது. பதினொரு வருட மிருதங்கத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. அங்கேயிருந்து தொடங்குகிறேன். கல்லூரிக்கும் கடனுக்கும் அப்புறம் வருவோம்.

இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை செய்யுங்கள். மிருதங்கத்தைச் சுருதி சேர்த்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வலந்தலையில் ‘நம்’ என்ற சொல்லை மட்டும் இருபது முறை வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு விநாடி விடுங்கள். போன் போதும். ஆனால் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். ஒலியைச் சுருக்காமல் வேவ் கோப்பாகப் பதிகிற செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதைக் கணினிக்கு மாற்றி, சோனிக் விஷுவலைசர் என்ற இலவச மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்கள்; எந்த நேரத்தில் எந்த அதிர்வுகள் ஒலிக்கின்றன என்று காட்டும் படம் அது. படுக்கைவாட்டில் சில கோடுகள் தெரியும். அவை ஏறக்குறையச் சம இடைவெளியில் அடுக்கடுக்காக நிற்கும். நண்பர் யாரிடமாவது கஞ்சிரா இருந்தால் அதையும் இதே மாதிரி பதிந்து பாருங்கள். அந்த ஒழுங்கு அங்கே இருக்காது.

வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலின் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் போகும். ஒன்றுக்கொன்று முழு எண்ணாகப் பொருந்தாததால்தான் பெரும்பாலான தோல் வாத்தியங்களில் திட்டமான சுருதி காதில் விழுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் இருக்கும் கரணை என்ற கறுப்புப் பூச்சு, அந்த அதிர்வுகளை இழுத்து வந்து 1, 2, 3, 4, 5 என்று வரிசையில் நிறுத்திவிடுகிறது. இதை ஆய்ந்து எழுதியவர் சி.வி. ராமன். 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். 1934-ல் விரிவாக இன்னொன்று வந்தது. தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து ஒலிகளாகச் சேர்ந்துவிடுகின்றன என்று அதில் காட்டினார். நீங்கள் ‘நம்’ வாசிக்கும்போது மோதிர விரல் தோலை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது, இல்லையா? அது அடிப்படை அதிர்வை அடக்கிவிடுகிறது. அதன் இரட்டிப்பு மேலே வருகிறது. உங்கள் விரலுக்குப் பதினொரு வருடமாகத் தெரிந்த விஷயம் இது. திரையில் பார்ப்பது மட்டும்தான் புதிது.

அடுத்து, வாசிப்பை முடிக்கும்போது வரும் மோரா ஒன்றை வேகமாக வாசித்துப் பதிந்து பாருங்கள். நிமிடத்துக்கு 80 அட்சரம், அட்சரத்துக்கு எட்டுச் சொல் என்று வைத்துக்கொண்டால் ஒரு சொல்லுக்குக் கிடைப்பது 94 மில்லிவிநாடி. மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அலசும். விநாடிக்கு 44,100 மாதிரிகள் உள்ள பதிவில் 4,096 மாதிரிகள் கொண்ட துண்டு 93 மில்லிவிநாடி நீளம். அதாவது ஒரு துண்டு ஒரு சொல்லை அப்படியே விழுங்கிவிடும். அதற்குள் விரல் எப்போது விழுந்தது என்று தெரியாது. சரி, 1,024 ஆகக் குறைப்போம் என்றால் நேரம் துல்லியமாகிறது, சுருதி கலங்கிப்போகிறது. அந்த அளவில் 43 ஹெர்ட்ஸுக்கு ஒரு கோடுதான் போட முடியும். ஒரு கட்டைச் சுருதியில், 262 ஹெர்ட்ஸ் பக்கத்தில், சட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள தூரமே சுமார் 16 ஹெர்ட்ஸ். நேரத்தைப் பிடித்தால் சுருதி போகும், சுருதியைப் பிடித்தால் நேரம் போகும். இந்தத் துறையில் இருப்பவர்கள் பலர் இந்த ஒரு இழுபறியோடுதான் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறோம்.

இந்த இரண்டு படங்களையும் பார்க்கும்போது உங்களுக்குள் என்ன எழுகிறது என்று கவனியுங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

படத்தை மறந்து, ‘போனில் நம் மிருதங்கம் இவ்வளவு மோசமாகக் கேட்கிறதே, மைக்கை எங்கே வைத்தால் அந்த நாதம் வரும்?’ என்று மனம் போனால் நீங்கள் ஒலிப்பதிவுக்காரர். அதற்கு மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஒலிப்பதிவு முதுகலைப் படிப்பு பெயர் பெற்றது; உள்ளே போக இசைப் பயிற்சியும் வேண்டும், ஏற்கெனவே செய்த பதிவுகளும் வேண்டும். இதே ஆசைக்கு புனே திரைப்படக் கல்லூரியும் கொல்கத்தாவின் சத்யஜித் ரே கல்லூரியும் ஒலிக்கென்று தனிப்படிப்பு வைத்திருக்கின்றன. செலவு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. ஸ்டுடியோதான் ஆசை என்றால் 40 லட்சம் கடனை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். சென்னையில் ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராக இரண்டு வருடம் நின்றால் கற்பது அதைவிட அதிகம்.

‘இந்தக் கோடுகளை மாற்றியமைத்தால் இதுவரை யாரும் கேட்காத ஒரு வாத்தியம் பிறக்குமே’ என்று தோன்றினால் அது வேறு வழி. ஸ்டான்ஃபோர்டில் உள்ள கர்மா என்ற கணினி இசை மையம் அப்படிப்பட்டவர்களின் இடம். அதே ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-ல் கண்டுபிடித்த, மின்னணு ஒலியை உருவாக்கும் எஃப்.எம். முறையைத்தான் யமஹா உரிமம் வாங்கி, 1983-ல் டி.எக்ஸ்.7 கீபோர்டாகக் கொண்டுவந்தது. பாரிஸில் 1977-ல் இசையமைப்பாளர் பியர் பூலேஸ் தொடங்கிவைத்த இர்காம் ஆராய்ச்சி மையம், ஹேக் நகரத்து சோனாலஜி நிலையம் எல்லாம் இதே குடும்பம். இங்கே நீங்கள் உருவாக்கிய இசையைக் கேட்டுத்தான் எடுப்பார்கள். மார்க்கோ, டிகிரியோ இரண்டாம்பட்சம். உங்கள் கடிதத்தில் அந்த வாசனை எனக்குத் தெரியவில்லை. நான் தவறாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, ‘நம்முக்கும் தீம்முக்கும் சாபுவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒரு தனி ஆவர்த்தனத்தைக் கேட்டு அதுவே சொற்கட்டை எழுதித் தருமா?’ என்ற கேள்வி. இது வந்தால், தம்பி, உங்களுக்கு உலகத்தில் நல்ல வீடுகள் இருக்கின்றன. பார்சிலோனாவில் பொம்பியூ ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் இசைத் தொழில்நுட்பக் குழுவை 1994-ல் தொடங்கியவர் சேவியர் செர்ரா. அவர் தலைமையில், ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிதியில், 2011-ல் காம்ப்மியூசிக் என்ற திட்டம் ஆரம்பித்தது. மேற்கத்திய இசைக்காக எழுதப்பட்ட நிரல்கள் மற்ற இசைகளிடம் தோற்றுப்போகின்றன என்பதுதான் அதன் தொடக்கப் புள்ளி. கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கிய மகாம், பெய்ஜிங் ஓபரா, அரபு-அந்தலூசிய இசை ஆகிய ஐந்தையும் எடுத்துக்கொண்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தியின் குழு அதில் பங்காளியாக இருந்தது. அந்த உழைப்பில் வந்த சரகா என்ற தொகுப்பில் கச்சேரிப் பதிவுகள் பாட்டு தனி, வயலின் தனி, மிருதங்கம் தனி என்று பிரித்துக் கிடைக்கின்றன. வலந்தலையும் இடந்தலையும்கூடத் தனித்தனி. ஆராய்ச்சிக்கு இலவசம். உங்கள் வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

பார்சிலோனாவில் ஒலி, இசைக் கணிமை முதுகலை ஒரு வருடப் படிப்பு. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் இசை மையமும் இதே துறையில் ஓராண்டுப் படிப்பு நடத்துகிறது. நான் மேலே சொன்ன சோனிக் விஷுவலைசர் அவர்கள் செய்ததுதான். ஜார்ஜியா டெக்கில் இரண்டு வருடம். மெக்கிலில் ஒலிப்பதிவுக்குப் பக்கத்திலேயே இசைத் தொழில்நுட்பம் என்று தனியாக ஓர் ஆராய்ச்சி முதுகலை இருக்கிறது. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் ஆட்கள் தப்பான படிப்பில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். இசைத் தொழில்நுட்பம் என்ற ஒரே பெயரில் ஓரிடத்தில் மைக் பிடிக்கக் கற்பிப்பார்கள், இன்னோரிடத்தில் ஒலியை அதிர்வுகளாகப் பிரிக்கும் ஃபூரியே கணக்குப் போடச் சொல்வார்கள். பாடத்திட்டத்தையும், கடந்த இரண்டு மூன்று வருட மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகளையும் எடுத்துப் பாருங்கள். இடத்தின் உண்மையான குணம் அந்தத் தலைப்புகளில்தான் தெரியும்.

இப்போது அரியர். அதை நினைத்துக் கூனிக் குறுக வேண்டாம். நம் கல்லூரிகளில் டி.எஸ்.பி. எப்படி நடத்தப்படுகிறது என்று எனக்கும் தெரியும். ஃபில்டர் டிசைனை மனப்பாடம் செய்து எழுதினோம், ஒரு ஒலியைக்கூடக் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கணக்கு இல்லாமல் மூன்றாவது வழியில் ஒரு அடிகூட வைக்க முடியாது என்பதும் உண்மை. செர்ராவும் ஸ்டான்ஃபோர்டின் ஜூலியஸ் ஸ்மித்தும் சேர்ந்து இசைக்கான ஒலி அலசல் பற்றி கோர்செராவில் பத்து வாரப் பாடம் ஒன்று தந்திருக்கிறார்கள். பைதானில் செய்துபார்த்துக் கற்க வேண்டும். ஸ்மித்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. வேலைக்குப் போய்க்கொண்டே ஆறு மாதத்தில் முடிக்கலாம். கூடவே லீனியர் அல்ஜீப்ராவையும் பிராபபிலிட்டியையும் தூசி தட்டுங்கள். முடித்துவிட்டால், விண்ணப்பத்தில் அந்த அரியருக்கு ஒரே வரியில் விளக்கம் சொல்லிவிட்டு அடுத்த வரியில் நீங்கள் செய்த வேலையைக் காட்டலாம். பாடம் பிடிக்காமல் மூன்றாவது வாரத்தில் நின்றுவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். 40 லட்சம் கொடுக்காமல் கிடைத்த தகவல்.

விண்ணப்பக் கட்டுரை பற்றி என் கதையைச் சொல்கிறேன். முதல் வருடம் நான் நான்கு இடங்களுக்குப் போட்டேன். ‘ஐந்து வயதிலிருந்து பாட்டு கற்கிறேன், இசையும் கணினியும் என் இரு கண்கள்’ என்று ஆரம்பித்திருந்தேன். நான்கும் இல்லை என்றன. மாதக்கணக்கில் அழுதேன். அப்புறம் ஒரு வருடம் உட்கார்ந்து, பாட்டின் சுருதியைப் பின்தொடரும் சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். பாடகர் மந்தர ஸ்தாயிக்கு இறங்கும்போதெல்லாம் அது தம்புராவைப் பாட்டு என்று எடுத்துக்கொண்டது. ஏன் என்று தேடியதில் நான்கு மாதம் போனது, முழுசாகச் சரியும் ஆகவில்லை. அடுத்த வருடக் கட்டுரையில் அந்தத் தோல்வியை மட்டும் எழுதினேன்: என்ன செய்தேன், எங்கே உடைந்தது, அடுத்து எதை முயல நினைக்கிறேன். இடம் கிடைத்தது. நேர்காணலில் இருபது நிமிடமும் தம்புராவைப் பற்றித்தான் பேசினோம். உங்களிடம் மிருதங்கம் இருக்கிறது. இந்தத் துறையில் கணக்குத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் வருகிறார்கள். கரணை காய்ந்து உதிர்ந்தால் நாதம் எப்படி மாறும் என்று கையால் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

பணத்துக்கு வருவோம். 40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 வருடத்தில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியைக் கட்டாமல் விட்டால் அதுவும் அசலோடு சேர்ந்து இன்னும் கூடும். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் பேசுங்கள். பத்திரம் அவருடையது.

“என்ன வேலை?” என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. பதில் இதுதான்: சுத்தமாக இசை மென்பொருள் மட்டும் செய்யும் நிறுவனங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். பெர்லினில் ஏபிள்டன், யமஹாவின் கையில் உள்ள ஸ்டைன்பர்க், ஸ்பாட்டிஃபையின் ஆராய்ச்சிப் பிரிவு என்று விரல்விட்டு எண்ணலாம். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் அதே கணக்கைத்தான் காது கேட்கும் கருவி, காருக்குள் இருக்கும் ஒலியமைப்பு, போன் அழைப்பில் இரைச்சல் நீக்கம், பேச்சை எழுத்தாக்குவது எல்லாம் கேட்கின்றன. டால்பி, ஹார்மன் போன்றவை பெங்களூரிலேயே ஆள் எடுக்கின்றன. நான் 12 வருடமாகச் செய்வதும் அப்படியான வேலைதான். பகலில் பேச்சிலிருந்து இரைச்சலைப் பிரிக்கிறேன். ராகம் என் சாயங்காலங்களில் இருக்கிறது. இந்த ஏற்பாடு உங்களுக்குச் சம்மதமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சம்மதம். என்னோடு படித்த இரண்டு பேருக்குச் சம்மதமாக இல்லை, துறையை விட்டே போய்விட்டார்கள்.

அமெரிக்கா என்றால் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அந்தப் படிப்பு அவர்கள் அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வருகிறதா, இசைப் பட்டம் என்ற கணக்கில் வருகிறதா? படிப்புக்குப் பின் வேலை பார்க்க ஓராண்டு அனுமதி எல்லோருக்கும் உண்டு. ஸ்டெம் என்றால் மேலும் 24 மாதம் கிடைக்கும். கடன் அடைப்பதற்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் இணையத்தில் பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். நார்வேயில் படிப்பு இலவசம் என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு 2023 முதல் அங்கே கட்டணம் வந்துவிட்டது.

கன்சல்டன்சிக்காரர் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பல கன்சல்டன்சிகளுக்கு வருமானம் பல்கலைக்கழகங்கள் தரும் கமிஷனில் இருக்கிறது. நான் சொன்ன துறைகள் சின்னவை, வருடத்துக்கு எடுப்பதே சில பேர். அவர் உங்களை வேறு ஏதாவது பெரிய படிப்புக்குத் திருப்பிவிடத்தான் வாய்ப்பு அதிகம். துறைக்கே நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள்.

என் இடத்திலிருந்து பார்த்தால், கடனுக்கு முன்னால் உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது; அதைத்தான் முதலில் முயலச் சொல்வேன். சென்னை ஐ.ஐ.டி.யிலும், பிரீத்தி ராவின் குழு இசை ஒலியில் நீண்ட காலமாக வேலை செய்துவரும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் ஆராய்ச்சித் திட்டங்களுக்கு அவ்வப்போது ப்ராஜெக்ட் அசோசியேட் எடுப்பார்கள். சம்பளம் உங்கள் ஐ.டி. சம்பளத்தைவிடக் குறையலாம். ஒரு வருடம் இருந்தால் ஒரு கட்டுரையில் உங்கள் பெயர் வர வாய்ப்பு உண்டு, உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவரின் சிபாரிசுக் கடிதம் கிடைக்கும். கேட் நுழைவுத் தேர்வு எழுதிச் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி எம்.எஸ். சேர்ந்தால் உதவித்தொகையோடே படிக்கலாம். அங்கிருந்து அமெரிக்காவில் பிஎச்.டி.க்குப் போனால் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, மாதச் செலவுக்கும் பணம் தருவார்கள். முதுகலைக்கு அப்படித் தருவது அபூர்வம். நீண்ட பாதைதான், ஆனால் பத்திரம் பீரோவிலேயே இருக்கும். இந்தத் துறையின் பெரிய மாநாடான இஸ்மிர் 2022 டிசம்பரில் பெங்களூருக்கே வந்தது. நம் ஊரிலிருந்து இதைச் செய்ய முடியாது என்ற காலம் போய்விட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் பார்சிலோனாவோ லண்டனோதான் என்று உங்களுக்குத் தோன்றினால், போங்கள். ஓராண்டுப் படிப்பாகப் பாருங்கள், இரண்டு வருடப் படிப்பைவிடச் செலவு பெரும்பாலும் குறையும். கடனில் ஒரு பகுதிக்கு வெளிநாட்டுப் படிப்புக்கு உதவும் ஜே.என். டாடா அறக்கட்டளை போன்றவற்றுக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் அடுத்த வருடம். இந்த வருட விண்ணப்பத்துக்கு உங்கள் கையில் இன்னும் ஒன்றும் இல்லை.

முதலில் அந்த ‘நம்’ பதிவு. இடந்தலையில் பிசைந்த ரவை அப்பாமல் ஒரு முறையும், அப்பிவிட்டு ஒரு முறையும் எடுங்கள். வலந்தலையில்தானே வாசிக்கிறோம், அது எதற்கு என்று நினைக்க வேண்டாம். உள்ளே இரண்டு தோலுக்கும் நடுவில் இருப்பது ஒரே காற்று. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் கோடு நகர்ந்தது, எது சீக்கிரம் அணைந்தது, எது அப்படியே நின்றது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா